சாவித்ரம்மாவும் நானும் யாரோ எவரோ

திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளப் போவதாக என்னிடம் சொல்லியிருந்த சாவித்ரம்மா, காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் தலை நிறைய முடியோடும் முடி நிறைய மல்லிகையோடும் நின்றுகொண்டிருந்தார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? அன்றைக்கு நான் கே.ஜி.எஃப்.பில் இருக்க வேண்டியவள். அண்ணன் மகளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, பூசை முடிந்து பிரியாணி, தங்கிவிட்டு மறுநாள்தான் வருவேன் என்று அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். கறி எந்தக் கடையில் வாங்கப்போகிறோம் என்பதுவரை சொல்லியிருந்தேன். அண்ணன் மகள் புதுநன்மை வாங்கி அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காலையில் தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. மாமரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. என் பின்னால் நான் அழைத்து வந்த இளம் தம்பதி. அவர் பின்னால் அவர் அழைத்து வந்த வயதான தம்பதி. பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு கேட், மூடியிருந்தது.

சாவித்ரம்மாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, என்னைப் போன ஜென்மத்தில்கூடப் பார்த்ததில்லை என்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"யாருங்க? யார் வேணும்?" என்றார்.

"வீடு பார்க்க வந்தோம். நீங்க?" என்றேன் நானும்.

"நாங்களும் வீடு பார்க்கத்தான்."

சேர்ந்து வீட்டுத் தரகு செய்துகொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும், அந்த நிமிஷத்திலிருந்து யாரோ எவரோ ஆனோம்.

சேலை மூட்டை

இந்தத் தொடரைப் படிக்கிற என் வீட்டுக்காரர் ஜெரோம், "வாராவாரம் என்னையே கிண்டல் பண்றியே, அந்த அம்மாவைப் பத்தி எப்போ எழுதப்போற?" என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் ஆசைக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில் ஜெரோமுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெங்களூரில் வீடு தேடினோம். அழைத்துப்போன தரகர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜெரோமிடமே பேசினார்கள். "சமையல்கட்டுல நல்லா வெளிச்சம் வரும் சார்" என்பதையும் அவரிடமே சொன்னார்கள். தண்ணீர் குடிக்கக்கூட சமையல்கட்டுப் பக்கம் போகாத மனுஷர் அவர். பெரிய ஞானி மாதிரி தலையாட்டினார்.

கடைசியில் ஜீவனஹள்ளியில் நானே தெருத்தெருவாக விசாரித்து ஒரு வீடு பிடித்தேன். பிறகு என் சித்தி மகளுக்கு ஒன்று. அவள் கணவனின் நண்பனுக்கு ஒன்று. கே.ஜி.எஃப்.பிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் எல்லோரும் "ஃப்ளோரா அக்கா வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுக்கொண்டே வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு வீடு காட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பெரிய சேலை மூட்டையோடு ஓர் அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும்.

"யாரு நீ? என் வீட்டை ஏன் காட்டற?"

"இது உங்க வீடாக்கா? ஓனர் மாடியில இருக்காங்கன்னாங்களே."

"ஓனர் அவங்கதான். வீடு என்னுது."

அதுதான் சாவித்ரம்மா. தவணைக்குச் சேலை விற்பதற்காகக் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி முழுக்க வீடு வீடாகப் போகிறவர். எந்த வீடு எப்போது காலியாகும், எந்த மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள், யார் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி மாடி கட்டுகிறான் எல்லாம் அவருக்குத் தெரியும். அதை வைத்து வீட்டுத் தரகும் செய்துவந்தார். கன்னடக்காரர். தமிழும் தடையில்லாமல் வரும். இடையிடையே கன்னடம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கிலீஷ் பருத்தா?"

"வரும்."

"ஃபோன்லயும் வருமா?"

"இங்கிலீஷ் வந்தா ஃபோன்லயும் வரும்க்கா."

"அப்போ நாளையிலேர்ந்து என்கூட வா."

எங்கள் கூட்டுக்கு நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். வீட்டுக்காரர்களை அவர் பார்த்துக்கொள்வார், குடிவருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன். கிடைப்பதில் பாதிப் பாதி.

இருமலுக்கு என்ன அர்த்தம்

வீட்டுக்காரர் முன்னால் நாங்கள் இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள முடியாது. அதனால் சாவித்ரம்மா சில அடையாளங்கள் வைத்திருந்தார். முந்தானையை இழுத்துச் செருகினால், "வாடகை இதுக்கு மேல இறங்காது, விட்டுடு." ஒரு முறை இருமினால், "இன்னும் குறைச்சுக் கேளு, ஒத்துக்குவாங்க."

ஒரு மார்கழிக் குளிரில் அவருக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. அல்சூரில் ஒரு ரிட்டயர்ட் இன்ஜினீயர் வீடு. சாவித்ரம்மா இரும இரும நான் குறைத்துக்கொண்டே போனேன். சாவித்ரம்மா கண்ணில் நீர் வழிய, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினார். எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. இருமல்தான் சத்தமாகக் கேட்டது.

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, சும்மாவே குடியிருந்துக்கட்டும்னு சொல்லிடவா?"

அந்த வீடு போயிற்று. பஸ் ஸ்டாப் வரும்வரை சாவித்ரம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதித் திட்டு இருமலில் போய்விட்டது.

ஒன்லி வெஜ்

எங்கள் தொழிலில் பெரிய சோதனை "ஒன்லி வெஜிடேரியன்" என்ற வார்த்தைதான். நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல தெரு என்று ஒரு வீடு அமைந்தால், அதன் வாசலில் இந்த வார்த்தை காவல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்காவிட்டால் ஜுரம் வந்தமாதிரி படுத்துக்கொள்கிற குடும்பத்தில் பிறந்த நான்தான் அந்த வீடுகளுக்கும் ஆள் சேர்க்க வேண்டும்.

சாஃப்ட்வேர் பையன்கள் வர ஆரம்பித்ததும் நான் அவர்களுக்குப் பாடமே நடத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் சேர்க்காதே என்பேன். தூத்துக்குடிப் பையன் ஒருவன் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். "நீங்க வெஜ்ஜா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும், "எங்க வீட்டு நாய்கூட வெஜ்தான் சார்" என்றான்.

"நாய் வேறயா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. நான் குடிவைத்த ஒரு குடும்பம், ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒரு நாள் கருவாடு வறுத்துவிட்டது. அது சாவித்ரம்மா மூக்குக்கு எட்டியது. அவர் சேலை காட்டப் போன இடத்தில், வீட்டுக்கார அம்மாளிடம் அதைச் சொல்லியும்விட்டார். அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"கேட்டாங்க, சொன்னேன். மறைச்சா நாளைக்கு என் மூட்டையை எந்த வீட்டுல இறக்க விடுவாங்க?" என்றார் அவர்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று கசந்துவிட்டது.

அவருக்கும் ஒரு கசப்பு உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. செல்ஃபோன் வாங்கிய கையோடு நான் விசிட்டிங் கார்டு அடித்தேன். அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. சாவித்ரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "சென்னாகிதே, நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சேர்ந்தே போனோம், சேர்ந்தே வந்தோம். ஆனால் அவர் புதுக் காலி வீடுகளை என்னிடம் சொல்வது குறைந்தது. நானும் எனக்கு வரும் ஃபோன்களை அவரிடம் சொல்வது குறைந்தது. பிரிந்துவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்ல இருவருக்குமே தைரியம் இல்லை.

டாக்டர் வீட்டுக் காபி

இப்போது அந்தப் பச்சை கேட்டுக்கு வருவோம்.

அது டாக்டர் வசந்தா அம்மாவின் வீடு. ரிட்டயர்ட் பிரசவ டாக்டர். மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ் வீடு காலி. தோட்டம், மாமரம், கிணற்றுத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேல் அந்த அம்மாள் யார் சமையல்கட்டையும் முகர்ந்து பார்க்க மாட்டார். தரகு செய்கிறவர்கள் கனவில் வருகிற வீடு. சேலை காட்டப் போன சாவித்ரம்மாவிடம் விஷயத்தைச் சொன்ன டாக்டர், அதே நாளில் எனக்கும் ஃபோன் செய்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை. ஒருத்தி திருப்பதிக்குக் கிளம்பினாள், ஒருத்தி கே.ஜி.எஃப்.புக்குக் கிளம்பினாள்.

நான் அழைத்து வந்தவர்கள் கண்ணன், மீனா. திருநெல்வேலிப் பக்கம். மீனாவுக்கு ஏழாம் மாதம். அவர்கள் இருந்த வீட்டில் கைக்குழந்தை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் மீனாவை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், பிறகு எப்போது சேர்ந்து இருப்பார்களோ தெரியாது. மூன்று வாரமாக அந்தப் பெண் வயிற்றைச் சுமந்துகொண்டு என்னோடு படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

சாவித்ரம்மா அழைத்து வந்தவர் குல்கர்ணி. பாங்க் மேனேஜராக இருந்தவர். கூடவே அவர் மனைவி. ஹூப்ளிக்காரர்கள்.

"இந்த ஏரியாவில் பெண் தரகர் நான் ஒருத்திதான்" என்று கண்ணனிடம் நான் பெருமையடித்திருந்தேன். குல்கர்ணியிடம் சாவித்ரம்மாவும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் யாரோ எவரோ ஆக வேண்டியிருந்தது.

டாக்டர் கேட்டைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் வருஷக்கணக்காக ஜோடியாகப் பார்த்தவர் அவர். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. அவர் கண்ணில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

"இல்லை மேடம்" என்றோம் ஒரே குரலில்.

"ஒருத்தரை ஒருத்தர் தெரியாதா?"

"தெரியாது" என்றார் சாவித்ரம்மா. நான் தலையாட்டினேன்.

"சரி. மத்தவங்க வீட்டைச் சுத்திப் பாருங்க. இவங்க ரெண்டு பேரும் என்கூட காபி சாப்பிடட்டும்."

எல்லோரும் உள்ளே போனார்கள், குல்கர்ணி தவிர. அவருக்கு முழங்கால் வலி. எங்களுக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தமிழ் பேச வராது, ஆனால் புரியும். அவர் இருக்கிறவரை நாடகத்தை நிறுத்த முடியாது.

காபி வந்தது. டாக்டர் நிதானமாக ஆரம்பித்தார்.

"சாவித்ரம்மா, இந்தப் பக்கம் ஃப்ளோரான்னு ஒரு புரோக்கர் இருக்காங்களாமே. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

சாவித்ரம்மா காபியை ஊதினார். என்னைப் பார்க்கவில்லை.

"கேள்விப்பட்டிருக்கேன். வாய் ஜாஸ்தி. ஃபோனை எடுத்தா மகாராணி மாதிரி பேசுமாம். கார்டு அடிச்சிருக்காளாம். அதுல அவ பேரு மட்டும் இருக்காம். அவகூட இன்னொருத்தி இத்தனை வருஷமா மூட்டை தூக்கிட்டு வீடு வீடா நடந்தாளாம். அவ பேருக்கு இடம் இல்லையாம்."

காபி என் தொண்டையைச் சுட்டது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்த இன்னொருத்தியைப் பத்தி நீங்க எதாவது கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன் மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "யார் வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு ஓனருக்குப் போய்ச் சொல்றதுதான் அவங்க வேலையாம். கருவாடு வறுத்ததுக்கு ஒரு குடும்பத்தைக் கொட்டுற மழையில நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டாங்களாம்."

"மழையே இல்லை!" என்றார் சாவித்ரம்மா. உடனே குல்கர்ணியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "...அப்படின்னு கேள்விப்பட்டேன்" என்று சேர்த்தார்.

சாவித்ரம்மா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் குடும்பத்துக்கு மறுநாளே மார்க்கெட் பின்னால வேற வீடு பார்த்துக் கொடுத்தது யாருன்னு அந்த ஃப்ளோராவுக்குத் தெரியாது போல. கேக்கவும் இல்லை. அவளுக்குக் கோபம்தான் பெருசு."

எனக்கு நிஜமாகவே தெரியாது. அவர்களே தேடிக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

"யார் பார்த்துக் கொடுத்தது?" என்றேன்.

"அந்த மூட்டைக்காரிதான். வேற யாரு?"

நான் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டு பேரைப் போட்டா எழுத்து சின்னதாயிடும்னு கார்டு அடிக்கிறவர் சொன்னாராம். அந்த ஃப்ளோரா சரின்னுட்டாளாம். அவ யோசிச்சிருக்கணும்."

"சின்ன எழுத்தா இருந்தா என்ன?" என்றார் சாவித்ரம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது. "அந்த மூட்டைக்காரிக்குக் கண் நல்லாத்தானே தெரியுது."

அதற்குமேல் நாங்கள் இருவரும் நிமிரவில்லை. இத்தனை நேரமும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்த குல்கர்ணி தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ரெண்டு அம்மாக்களும் கெட்டிக்காரங்களா தெரியறாங்களே" என்றார் கன்னடத்தில், சாவித்ரம்மாவைப் பார்த்து. "அவங்க நம்பர் கிடைக்குமா?"

டாக்டர் வாயில் இருந்த காபியைச் சேலையில் சிந்திக்கொண்டார். அப்படி ஒரு சிரிப்பு. சாவித்ரம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் குல்கர்ணியும் மரியாதைக்குச் சிரித்தார்.

தோட்டத்தில் முடிந்த பேரம்

வீடு யாருக்கு என்ற விஷயத்தை நாங்கள் மறந்தே போயிருந்தோம். எங்களைக் கேட்காமலே அது தோட்டத்தில் முடிந்திருந்தது.

கிணற்றடியில் திருமதி குல்கர்ணியும் மீனாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருத்திக்குக் கன்னடம் தெரியாது. கண்ணன் நடுவில் நின்று அரைகுறை இங்கிலீஷில் இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். மீனா வயிற்றின் மேல் அந்த அம்மாள் கையை வைத்திருந்தார்.

திருமதி குல்கர்ணி எழுந்து வந்து கணவரிடம் நேராகச் சொன்னார். "நம்மை யாரும் துரத்தலை. நமக்கு அடுத்த மாசம் கிடைச்சாலும் போதும். இந்தப் பொண்ணுக்கு மாடியிலேயே டாக்டர். இது அவளுக்குத்தான்."

முப்பது வருஷம் பாங்க்கில் எல்லோருக்கும் உத்தரவு போட்ட குல்கர்ணி, மனைவி சொன்னதும் எழுந்து செருப்பைத் தேடினார்.

மீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வாடகையும் அட்வான்ஸும் பேசி முடிந்தது. டாக்டர் எங்களை கேட்வரை வந்து வழியனுப்பினார்.

"கமிஷன் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க. அடுத்த தடவை ஒருத்தர் மட்டும் வாங்க. காபிப் பொடி விக்கிற விலைக்கு என்னால முடியாது."

பஸ் ஸ்டாப்வரை

வந்தவர்கள் போனபின் நானும் சாவித்ரம்மாவும் தெருவில் தனியாக நின்றோம். நடக்க ஆரம்பித்தோம். ஈரத் தார் ரோட்டில் அவர் செருப்பு மட்டும் சத்தம் போட்டது.

"பிரியாணி சென்னாகித்தா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. திருப்பதியில கூட்டமா?"

"தும்ப. ரொம்பக் கூட்டம்."

கொஞ்ச தூரம் போனபின் நின்றார். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"ஃப்ளோரா, சாக்கு. போதும். இனிமே தனித்தனியா பண்ணிக்கலாம்."

அந்த வார்த்தையைத்தான் எத்தனையோ நாளாக நான் எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சரிக்கா."

"கோபமா?"

"கொஞ்சம் இருக்கு."

"எனக்கும் கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும். கோபம் இல்லாட்டி திரும்பச் சேர்ந்துடுவோம். சேர்ந்தா திரும்பப் பொய் சொல்லணும்."

பஸ் வருவதற்குள் ஊரைப் பிரித்துவிட்டோம். அல்சூர் ஏரிப் பக்கமும் சாஃப்ட்வேர் பையன்களும் எனக்கு. காக்ஸ் டவுனும் ஜீவனஹள்ளியும் அவருக்கு. "குல்கர்ணி?" என்றேன். "குல்கர்ணி என் ஆளு" என்றார். பஸ்ஸில் எவ்வளவோ இடம் காலியாக இருந்தது. அவர் வந்து என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாடியிலிருந்த டாக்டர் பாதி நாள் கீழ் வீட்டிலேயே இருந்தாராம். குல்கர்ணிக்கு ஒரு மாதத்துக்குள் வீடு கிடைத்துவிட்டது. சாவித்ரம்மா அடுத்த மாதமே நிஜமாகத் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாமி பேரில் பொய் சொன்ன பயம். மார்க்கெட்டில் அவரைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவராகக் கூப்பிட்டுத் திட்டியபிறகுதான் தெரிந்தது.

தனியாகத் தொழில் செய்வது கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர்களிடம் கன்னடத்தில் குழைந்து பேச எனக்கு வரவில்லை. இங்கிலீஷ் ஃபோன் வந்தால் சாவித்ரம்மா வைத்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேருக்கும் வீம்பு. அரை வருஷம் போல ஓடியது.

ஒரு மத்தியானம் ஃபோன் அடித்தது. எடுத்தேன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"ஜீவனஹள்ளியில ஒரு மாடி ரூம் காலி. வயசானவர், ஒண்டி ஆளு. இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிஞ்ச பையன் வேணுமாம். உன்கிட்ட ஆள் இருக்கா?"

"இருக்கான்க்கா. சென்னைப் பையன்."

"எப்படி? நிஜத்தைச் சொல்லு. ஓனரோட முகத்துல நான் முழிக்கணும்."

சேர்ந்து இருந்த காலமாக இருந்தால் தங்கக் கம்பி என்று சொல்லியிருப்பேன். இப்போது அவரிடம் மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"நல்ல பையன்தான். வாடகை முதல் தேதியே வந்துடும். ஆனா கிடார் வாசிப்பான். தினமும் வாசிப்பான். கேக்க சகிக்காதுக்கா."

அந்தப் பக்கம் சாவித்ரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ஓனருக்குக் காது கேக்காது. அனுப்பு."